மனம் தளர்ந்தவருக்குக் கைத்தொழில் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் தெபாலில் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் வீட்டு மின்கம்பி வேலை, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, தையல் ஆகிய மூன்றையும் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுக்கிறோம். மின்வேலை என் பொறுப்பு, தையல் என் மனைவியின் பொறுப்பு. குளிர்சாதனத்துக்கு எங்களிடமே படித்துத் தேறிய ஒருவர் வருகிறார். வகுப்புக்கு வருகிறவர்களும், வரத் தயங்கி வாசலிலேயே நின்று விசாரிக்கிறவர்களும், பிள்ளைகளுக்காகத் தொலைபேசியில் அழைக்கும் தாய்மார்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

"மனசே உடைந்து கிடக்கிறது, முதலில் கொஞ்சம் நம்பிக்கை வரட்டும், பிறகு வகுப்புக்குப் போகிறேன்" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதானே?

இல்லை, அம்மா. நம்பிக்கை வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களைத் தேடி அது வந்ததை இத்தனை வருடங்களில் நான் பார்த்ததில்லை. கை ஏதாவது ஒன்றை ஒழுங்காகச் செய்து முடித்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் அது வந்து உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவர் நம்பிக்கை இல்லாமலேயே வரட்டும். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை.

முதல் வகுப்பில் நான் சொற்பொழிவு செய்வதில்லை. ஆளுக்கு ஒரு மூன்று முள் பிளக்கும் ஒரு முழம் வயரும் கொடுத்துவிடுவேன். போன வருடம் 19 வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்து விட்டுப் போனார். ஒரு மணி நேரம் அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தியால் வயரின் மேலுறையைச் சீவியபோது உள்ளே இருந்த செப்பு இழைகளும் சேர்ந்து அறுந்தன. நுனியை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி சீவினான், மறுபடி அறுந்தது. நான்காம் தடவை உறை மட்டும் மோதிரம்போலக் கழன்று வந்தது. இழைகளை முறுக்கி, பழுப்புக் கம்பியைப் பியூஸ் பக்கமும் நீலக் கம்பியை எதிர்ப்பக்கமும் கொடுத்துத் திருகினான். பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் எர்த் கம்பியை மட்டும் மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடச் சொன்னேன். "ஏன்?" என்றான். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. யாராவது வயரைப் பிடித்து இழுத்துவிட்டால் மற்ற இரண்டும் பிய்ந்த பிறகுதான் எர்த் பிய்ய வேண்டும், ஆளைக் காப்பாற்றுவது அதுதான் என்று சொன்னேன். மேசை விசிறியில் பொருத்திச் சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்துப் போட்டான். அடுத்த சனிக்கிழமை அம்மா இல்லாமல் தனியாக வந்தான்.

இதையெல்லாம் சொல்கிற நீங்கள் கஷ்டப்பட்டிருக்கிறீர்களா?

கேட்க வேண்டிய கேள்விதான். என் அம்மா இந்த வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில்தான் பிறந்தேன். 1981இல் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். விடியும் முன் எழுந்து பஸ், பெர்ரி, மறுபடி பஸ். 1985இல் நாடே பொருளாதார மந்தத்தில் சிக்கியது. பினாங்குப் பாலம் திறந்த அதே வருடம் எனக்கு வேலை போனது. பாலத்தில் ஏறிப் போக ஆசைப்பட்டவனுக்குப் போவதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

ஏழு மாதம் சும்மா இருந்தேன். வேலை தேடியது முதல் இரண்டு மாதம்தான். பிறகு காலையில் எழுந்திருக்கவே பதினொன்றாகும். எதிர்வீட்டு முடிதிருத்தும் கடையில் நாளிதழ் இலவசமாகக் கிடைத்தும் எடுத்துப் பிரித்ததில்லை. கைக்கடிகாரத்தை எந்த நாளில் கழற்றி வைத்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

பல வருடங்கள் கழித்துத்தான், இது எனக்கு மட்டும் நேர்ந்த சோம்பேறித்தனம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். வியன்னாவுக்கு அருகில் மரியன்தால் என்றொரு சிற்றூர். அங்கிருந்த ஒரே பெரிய ஆலை மூடப்பட்டபோது ஊரே வேலையிழந்தது. மரி யாகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த ஊரைக் கூர்ந்து கவனித்துத் தங்கள் ஆய்வை 1933இல் வெளியிட்டார்கள். மக்கள் கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் குறைந்திருந்தது. பலர் கடிகாரம் கட்டுவதை விட்டிருந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னை வெளியே இழுத்தவர் சீன மின்பணியாளர் ஒருவர். ஏணி பிடிக்க ஆள் தேவை என்றார், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் ஏணியில் என்னை ஏற்றிவிட்டு அவர் கீழே நின்று பிடித்துக்கொண்டார்.

நம்பிக்கை, நம்பிக்கை என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் ஸ்னைடர் என்ற உளவியலாளர் 1990களில் இதற்குத் தெளிவான விளக்கம் ஒன்று தந்தார். அடைய வேண்டிய இலக்கு ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குப் போகும் வழிகள் தெரிய வேண்டும், அந்த வழியில் நடக்க என்னால் முடியும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அவர் அதை நம்பிக்கை என்றார். "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லித் தோளில் தட்டுவது இதில் சேராது. எங்கள் பிள்ளைகளுக்கு இலக்குகள் நிறைய இருக்கின்றன, வழிதான் தெரிவதில்லை. ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது வழி காட்டுவதும்தான், முடியும் என்று கைக்குப் புரியவைப்பதும்தான். அதனால்தான் இரண்டையும் நான் பிரித்துப் பேசுவதில்லை.

என் மகன் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. இனி அவனுக்கு ஏதாவது சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். இதை ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆவல். மலேசியத் திறன் சான்றிதழ், சுருக்கமாக எஸ்.கே.எம்., மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை வழங்குவது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு அடிப்படை. மொத்தம் ஐந்து நிலைகள். முதல் மூன்றும் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி தேவையில்லை. மலாய் பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிந்தால் போதும். ஆகவே எஸ்.பி.எம்.மோடு வாசல் மூடிவிட்டது என்று அவனிடம் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் எந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்கிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்திலேயே ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. அரசாங்கக் கழகம், தொழிலதிபர் என்.டி.எஸ். ஆறுமுகம் பிள்ளையின் பெயரைத் தாங்கியது. நம்மவர் பெயர் வாசலில் இருக்கிறது, நம் பிள்ளைகள் உள்ளே போக வேண்டாமா? இத்தகைய அரசுக் கழகங்களில் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. அங்கீகாரம் பெற்ற தனியார் மையங்களில் சேர்வோருக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. கடன் கொடுக்கிறது. சேரும் முன் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: அந்த மையமும் அந்தப் படிப்பும் அங்கீகாரம் பெற்றவைதாமா என்று திறன் மேம்பாட்டுத் துறையிடமே கேளுங்கள். பளபளப்பான துண்டுப் பிரசுரத்தை நம்பிப் பணம் கட்டி, கடைசியில் எங்கும் செல்லாத ஒரு காகிதத்தோடு வந்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

இருபது வருடமாகக் கார் பட்டறையில் வேலை செய்கிறேன். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. இந்த வயதில் நான் போய் மாணவனாக உட்கார வேண்டுமா?

வேண்டாம், ஐயா. அனுபவசாலிகளுக்கென்றே தனிவழி இருக்கிறது. முன்பே பெற்ற திறனுக்கு அங்கீகாரம் தரும் முறை அது, பி.பி.டி. என்பார்கள். நீங்கள் செய்த வேலைகளின் படங்கள், ரசீதுகள், முதலாளியின் கடிதம் போன்றவற்றை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் உங்களைக் கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். தேறினால் வகுப்பில் உட்காராமலேயே எஸ்.கே.எம். கையில் வரும். கோப்பு தயாரிப்பதுதான் பலருக்கு மலைப்பாக இருக்கிறது. அதற்கு உதவ எங்களிடம் இரண்டு இளம்பெண்கள் இருக்கிறார்கள், நீங்கள் தமிழில் சொன்னால் அவர்கள் மலாயில் எழுதிக்கொடுப்பார்கள். நாளையிலிருந்து ஒரு பழக்கம் வையுங்கள்: ஒவ்வொரு வேலையையும் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 47 வயது. போன மாதம் தொழிற்சாலையில் ஆட்குறைப்புச் செய்துவிட்டார்கள். முதலில் எங்கே போவது?

எங்களிடம் வருவதற்கு முன், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் அலுவலகத்துக்குப் போங்கள். 2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த சிறு தொகை இதற்குத்தான். வேலை இழந்த 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி பெற்றால் ஆறு மாதம் வரை வேலை தேடும் உதவித்தொகை கிடைக்கும், முதல் மாதம் அதிகமாகவும் பிறகு படிப்படியாகக் குறைந்தும் வரும். பயிற்சிக் கட்டணத்துக்கும் இத்திட்டத்தில் உதவி உண்டு. தானாக ராஜினாமா செய்தவர்களுக்கு இது பொருந்தாது. அதனால் முதலாளி நீட்டுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "ராஜினாமா செய்கிறேன்" என்று மலாயில் எழுதியிருந்த தாளில் கையெழுத்திட்டுவிட்டு, சொக்சோவில் கைவிரித்துவிட்டார்கள் என்று வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

இன்னொன்று. நான் 1985இல், வேலை போன புதிதில், செய்த தவறைச் செய்யாதீர்கள். வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவதில் ஒரு பயனும் இல்லை.

ஆர்வமாகச் சேர்கிறார்கள், பாதியில் நின்றுவிடுகிறார்கள். நம்மவர்களுக்கு விடாமுயற்சி கிடையாது என்று சொல்லலாமா?

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். பிறகு, நின்றுபோன ஒவ்வொருவர் வீட்டுக்கும் மோட்டாரில் போய் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஒருவருக்கு மோட்டார் பறிமுதலாகிவிட்டது. ஒருவருக்குச் சனிக்கிழமை கூடுதல் நேர வேலை, விட்டால் அரிசிக்கு இல்லை. ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு பையனுக்கு வகுப்பில் எல்லாரும் பசியாறப் போகும்போது கையில் காசு இல்லை என்ற வெட்கம். சோம்பேறி என்று சொல்லத்தக்கவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

வறுமை தலைக்குள்ளேயும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன், பணம் இல்லாத நாட்களில், அவர்களுக்குச் சில அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு அதே ஆட்களுக்கு மறுபடி வைத்தார்கள். பணமுடை இருந்த நாட்களில் தெளிவாகக் குறைவாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள்தான், மாறியது மடியில் இருந்த பணம். நாளைக்குக் கடன்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருப்பவர் மின்சுற்று வரைபடத்தை ஒரே தடவையில் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பிழை.

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பரம ஏழைக் குடும்பங்களிடையே நடத்திப் பார்த்த ஒரு திட்டத்தின் முடிவுகள் 2015இல் வந்தன. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார்கள். ஆடு மாடு போன்ற ஒரு பிழைப்பு ஆதாரம், அதைப் பராமரிக்கப் பயிற்சி, முதல் சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு, அடிக்கடி வீடு தேடிவந்து விசாரிக்கும் ஓர் ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உதவி நின்று ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்தக் குடும்பங்கள் முன்பைவிட நன்றாக இருந்தன. மேற்கு வங்கத்தில் இதே போன்ற திட்டத்தைப் பற்றி டுஃப்லோ பேசும்போது, அந்தப் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தை மாட்டின் பால் கணக்கு மட்டும் விளக்கவில்லை என்றார். அவர்கள் முன்பைவிட அதிக நேரம் உழைத்தார்கள், மனச்சோர்வு குறைந்திருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் வகுப்பை மாற்றினோம். பகல் சாப்பாடு எல்லாருக்கும் உண்டு, கோவில் மடப்பள்ளியிலேயே சமைக்கிறோம். தூரத்திலிருந்து வருவோருக்கு மோட்டார் எண்ணெய்க் காசு தருகிறோம். ஓரத்தில் பாய் விரித்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிமார் இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் மூன்றாவது வாரம் நான் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். நின்றுபோகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பாடத்தில் ஒரு வரியைக்கூட நாங்கள் மாற்றவில்லை.

வட்டி முதலையிடம் கடன் வாங்கிவிட்டேன். தொழில் கற்றுக்கொண்டு அடைத்துவிட முடியுமா?

அந்த வட்டி உங்கள் படிப்பைவிட வேகமாக ஓடும். முதலில் கடனைக் கவனியுங்கள். மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு போன்றவை கழுத்தை நெரித்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. கட்டணம் இல்லை. உங்களால் கட்டக்கூடிய தவணையை வகுத்து வங்கிகளிடம் அவர்களே பேசுவார்கள். உரிமமில்லாத வட்டிக்காரர்களிடம் அவர்கள் பேச மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கணவரை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் எது?

இந்தக் கேள்விக்கு என் மனைவிதான் பதில் சொல்வார். அவர் சொன்னதை எழுதுகிறேன். தையலோ சமையலோ, எது உங்கள் கைக்கு ஏற்கெனவே கொஞ்சம் பழக்கமோ அதில் தொடங்குங்கள். அடுத்த வீட்டுக்காரர் செய்கிறார் என்பதற்காக ஒன்றைப் பிடிக்காதீர்கள்.

மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் 41 வயதுப் பெண்மணி ஒருவர் எங்களிடம் வந்தார். அவர் தைத்த முதல் ரவிக்கையில் இடது கைக்குழி சுருங்கிச் சுருங்கி நின்றது. என் மனைவி குறை சொல்லவில்லை. போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள் என்றார். தூக்கியதும் மொத்த ரவிக்கையும் மேலே ஏறியது. அந்தப் பெண்மணி முகம் வாடிப்போய், துணியை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். என் மனைவி பிளேடை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒவ்வொரு தையலாகப் பிரித்து, கையைத் தனியே எடுத்து, வளைவைச் சுண்ணக்கட்டியால் மறுபடி வரைந்து, ஊசி குத்தி நிறுத்தி, ஓட்டினார்கள். மூன்றாம் தடவைதான் கை ஒழுங்காக உட்கார்ந்தது. "என் வாழ்க்கையில் கெட்டுப்போன எதையும் இப்படிப் பிரித்துச் சரிசெய்ய யாரும் விட்டதில்லை" என்று சொல்லி அந்த அம்மா அழுதார். அந்தத் தீபாவளிக்கு அவருக்குப் பதினொரு ரவிக்கை தைக்க வந்தது. மருத்துவமனை வேலையை அவர் விடவில்லை, விடச் சொல்லி நாங்களும் சொல்லவில்லை.

தொழிலைப் பதிவு செய்வது எளிது. தொழில்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணைய அலுவலகத்தில் உங்கள் சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவு விற்பதென்றால் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். தொழில் கொஞ்சம் ஓடத் தொடங்கிய பிறகு மூலதனம் தேவை என்றால், சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசாங்க நிறுவனமான தெக்குனில் இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. ஓடத் தொடங்கிய பிறகு என்பதைக் கவனியுங்கள். கடனை வாங்கிவிட்டுத் தொழிலைத் தேடுவது வேண்டாம்.

பத்து காவானில் இவ்வளவு தொழிற்சாலைகள் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டா?

பத்து காவானைக் கடந்து போகும்போது எனக்கு மனம் கனக்கும், அடுத்த நிமிடம் நிமிரும். பினாங்கின் பெருநிலப் பகுதியான இந்தச் செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பத்து காவானும் அப்படிப்பட்ட தோட்ட மண்தான். 2014இல் அங்கே பினாங்கின் இரண்டாவது பாலம் வந்து இறங்கியது. இன்று மைக்ரான், பாஸ்டன் சயன்டிஃபிக் போன்ற பெரும் நிறுவனங்களின் ஆலைகள் நிற்கின்றன. தாத்தா வியர்வை சிந்திய மண்ணில் பேரன் பாதுகாவலர் சீருடையோடு வாசலில் மட்டும் நிற்பதா, உள்ளே இயந்திரத்தைச் சரிசெய்வதா என்பதுதான் எனக்குள்ள கவலை. பாதுகாவலர் வேலையும் நேர்மையான வேலைதான். ஆனால் வேறு வழி தெரியாததால் மட்டும் அங்கே நிற்கக்கூடாது.

பினாங்கே ஒரு காலத்தில் மனம் தளர்ந்து கிடந்த ஊர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1969இல் சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோனது. வியாபாரம் படுத்தது, படித்தவர்களுக்கே வேலை இல்லை. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியது, இன்டெல் அந்த வருடமே வந்தது. 1975இல் அதன் ஆலை தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டினார்கள், இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆள் வந்தால் போதாது, திறன் வேண்டும் என்று உணர்ந்து 1989இல் தொழிற்சாலைகளும் அரசாங்கமும் கல்வித்துறையும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவினார்கள். பி.எஸ்.டி.சி. என்றால் எல்லாருக்கும் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வரிசை வரிசையாகப் பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தோட்டத்து அக்காமார் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். இன்று அதை இயந்திரம் செய்கிறது. இயந்திரத்தைப் பராமரிக்கத் தெரிந்தவருக்குத்தான் இடம். எஸ்.கே.எம். மூன்றாம் நிலை, அதற்கு மேல் டிப்ளோமா என்று ஏறச் சொல்வது அதனால்தான்.

சிறைக்குப் போய் வந்தவரைச் சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்வோம். எதற்காகப் போனீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. வேலைக்கு அனுப்பும்போது மட்டும், முதலாளியிடம் உண்மையை மறைக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். எனக்குத் தெரிந்த குத்தகைக்காரர்களிடம் நானே உடன் போய்ப் பேசுகிறேன். சிலர் மறுப்பார்கள். ஏற்றுக்கொண்ட ஒருவர், "ஐயா, காலையில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறவர் அவர் ஒருத்தர்தான்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

உங்கள் வகுப்பை முடித்தால் மின்பணி உரிமம் கிடைக்குமா?

கிடைக்காது. பிறர் வீட்டில் மின்கம்பி வேலை செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வேண்டும், அதற்குரிய பயிற்சியும் தேர்வும் தனி. நாங்கள் கொடுப்பது தொடக்கம். அடையாள அட்டை இல்லாதவர்களும் எங்களிடம் கற்கலாம், ஆனால் அரசுச் சான்றிதழுக்கு அட்டை அவசியம். அந்தப் போராட்டத்தில் இருப்பவர்கள் தனியாக வந்து பேசுங்கள்.

பயிற்சி எல்லாரையும் கரைசேர்த்துவிடுமா?

சேர்க்காது. பொய் சொல்ல எனக்கு மனமில்லை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது எந்த மூலைக்கு? திறமை இருந்தும் நியாயமான கூலி கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், அதைத் தட்டிக்கேட்பது வேறொரு போராட்டம். "நீ முயற்சி செய்யவில்லை" என்று அவர்கள் தலையில் குற்றத்தைப் போட நான் ஒருநாளும் ஒப்ப மாட்டேன்.

சிலருக்கு மனம் தளர்ந்திருப்பது வெறும் சோர்வு இல்லை, நோய். தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, செத்துவிடலாம் என்ற எண்ணம் இவையெல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால், பிளக்கும் விசிறியும் போதாது. அரசாங்கச் சிகிச்சையகத்துக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. வீட்டில் அடி, கொடுமை என்றால் தாலியான் காசே உதவி எண் 15999. தயங்காமல் அழையுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாங்கள் கூட வருகிறோம்.

எனக்குக் கஷ்டம் இல்லை, சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

நன்கொடையைவிட உங்கள் பட்டறையில் ஓர் ஆளுக்கு இடம் தாருங்கள். எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறை 2005 முதல் இருக்கிறது. அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும், மீதிதான் வகுப்பறை. உங்களிடம் வேலை செய்துகொண்டே பையன் எஸ்.கே.எம். வாங்கிவிடலாம். முதல் மூன்று மாதம் அவன் தப்புச் செய்வான், திருகாணியை மறை கழல முறுக்குவான். திட்டுங்கள், ஆனால் ஊரார் முன்னால் வேண்டாம்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

மின்வேலைக்கு வருகிறவர்கள் விரலை மூடும் காலணி போட்டு வாருங்கள், சிலிப்பரோடு உள்ளே விடமாட்டேன். மோதிரம், கைச்சங்கிலியை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தையலுக்கு உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்று போதும், துணியும் நூலும் எங்களிடம் இருக்கின்றன. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டுவாருங்கள். பிள்ளைகளை அழைத்துவரலாம். வகுப்பு இரண்டு மணிக்குத் தொடங்கும், சாப்பாடு ஒன்றரைக்கே தயாராக இருக்கும், சாப்பிட வாருங்கள். பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும்.